கேமராவை மறைத்துப் பார்த்த தம்பிக்கு

தம்பி,

அந்த அட்டவணையை வெளியிடுவதென்று முடிவு பண்ணிவிட்டேன். எந்த அட்டவணை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ஆட்களும் இதைப் படிப்பார்கள், அதனால் குழுவின் பேரும் மாநாட்டின் பேரும் இங்கே வராது.

2023 தொடக்கம். தானோட்டிக் கார் ஆய்வுக்கு எல்லாரும் எடுக்கும் நூசீன்ஸ் தரவில், கார் அடுத்துப் போக வேண்டிய பாதையைச் சொல்லும் நம் மாடலுக்கு ஆறு கேமராப் படங்களையும் பூஜ்யமாக்கிவிட்டு, காரின் வேகம், முடுக்கம், வந்த பாதை, 'இடது, வலது, நேர்' என்ற கட்டளை, இவற்றை மட்டும் கொடுத்தாய். முன்னால் லாரி நிற்கிறதா என்றே தெரியாத மாடல். மனிதர் ஓட்டிய பாதையிலிருந்து அது எவ்வளவு விலகுகிறது என்ற பாதைப் பிழை அசையவே இல்லை. கேமரா உள்ளது மேலே, இல்லாதது கீழே என்று அட்டவணையின் இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றாய். "கீழ் வரியை எடுத்துடு" என்றேன்.

காரணம் இருந்தது. உன் '3 விநாடிப் பிழை' அரை விநாடிக்கு ஒன்றாக ஆறு புள்ளிகளின் சராசரி. நீ பக்கத்தில் வைத்த கட்டுரையிலோ மூன்றாவது விநாடிப் புள்ளி ஒன்றின் பிழை மட்டும். பிழை போகப்போக வளர்வதால் சராசரி சிறிதாகத்தான் தெரியும். மோதலையும் அரை மீட்டர் கட்டம் கட்டமாகப் பார்த்திருந்தாய். அந்தப் பருமனில் மனிதர் ஓட்டிய அசல் பாதையே சில இடங்களில் மோதியதாகக் காட்டும். ரிவியூவர்கள் கிழித்திருப்பார்கள். இதைச் சரிபார்க்காமல் எல்லார் முன்னாலும் போட்டது உன் தப்புதான், இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் உன் இரண்டு வரிகளும் ஒரே அளவுகோலில் அளந்தவை. அந்தக் குழப்பம் அவற்றைத் தொடவே இல்லை. எனக்கு அன்றே தெரியும். மன்னித்துக்கொள்.

மே மாதம் அதே விஷயத்தை வேறொரு குழு ஏடி-எம்எல்பி என்று கட்டுரையாகப் போட்டது. பிறகு இன்னொரு குழு எண்ணிக் காட்டியது: நூசீன்ஸில் முக்கால்வாசி நேர்கோட்டு ஓட்டம். விநாடிக்கு 10 மீட்டர் போகும் கார் 3 விநாடியில் ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளி இருக்கும். இதற்குக் கண் எதற்கு? போதாததற்கு, மாடல் தப்பாகத் திருப்பினாலும் அடுத்த படம் மனிதர் ஓட்டிய இடத்திலிருந்தே வரும். தப்பு மேல் தப்பு சேர வழியே இல்லை. நிஜ ரோட்டில் சேரும். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே பாமர்லோ என்ற ஆய்வாளர், கேமராவைப் பார்த்து வண்டி ஓட்டும் தன் ஆல்வின் மாடலுக்குப் படங்களைப் பக்கவாட்டில் நகர்த்திப் பழக்கியது இதற்காகத்தான். முப்பது வருஷத்தில் நாம் மறந்துவிட்டோம். நாம் என்ன, நான்.

2024-இல் வந்த நாவ்சிம் என்ற புதிய சோதனைத் தொகுப்பில், ஒரே வேகத்தில் நேரே போனாலே தேறிவிடும் காட்சிகளை வடிகட்டிவிட்டார்கள். படித்ததும் உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும். ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பினாயே! அளவைத் திருத்துவது ஒரு ராத்திரி வேலை. உட்கார்ந்திருக்கலாம்.

இப்போது நானே உட்கார்ந்தேன். கேமரா இல்லாமல் பயிற்சியையே முதலிலிருந்து ஓட்டினேன். பிறகு தலைகீழாக, கேமராவை வைத்துக்கொண்டு வேகத்தையும் வந்த பாதையையும் எடுத்துவிட்டு ஒருமுறை. திருப்பங்கள் மட்டும் தனியாக. சராசரி, கடைசிப் புள்ளி இரண்டும் தனித்தனியே. மோதல் கட்டம் 0.1 மீட்டர்.

முதல் வரி உன்னுடையது. உன் பேரைப் போடட்டுமா, வேண்டாமா?

அக்கா