பதினாறு மணி நேரத்தில் போய்ச் சேர முடியாது

கும்பகோணம்

அன்புள்ள கோவிந்தனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது; இவ்வளவு நாள் பேசாமல் இருந்ததற்குப் பொறுத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம், குறுவை அறுவடையும் முடிந்துவிட்டது. நீ சீட்டு எடுப்பதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டுமே என்றுதான் இன்று அவசரமாக எழுதுகிறேன்.

திருச்சிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் 14,200 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் மணிக்கு 900, ஆகவே பதினாறு மணி நேரத்தில் மகள் வீட்டில் இருப்பேன் என்கிறாய். வகுத்தலில் உன்னை வெல்ல ஆளில்லை என்பது வாத்தியார் காலத்திலேயே தெரியும். ஆனால் அந்த 14,200, பேத்தியின் உலக உருண்டையில் நான் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்த மிகக் குறுகிய வழி. பள்ளிச் சுவரில் தொங்கிய படத்தில் நாம் குச்சியால் காட்டியதுபோல் அது பசிபிக்கின் குறுக்கே போகவில்லை. திபெத், மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி அலாஸ்கா வழியாக இறங்கியது! அவ்வழியில் திருச்சியிலிருந்து விமானம் கிடையாது. நான் போனதுபோல் சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் ஏறத்தாழ 3,000, பிறகு 13,600 கிலோமீட்டர்.

அந்த இரண்டாம் பயணம் போகும்போது பதினைந்து மணி நேரம், திரும்பும்போது பதினேழு. மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றுதான் காரணம்; கிழக்கே போகும்போது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும். கொள்ளிடத்தில் வெள்ளம் போகும் நாளில் பரிசல் தள்ளிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2016இல் ஏர் இந்தியா, டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியபோது, தூரம் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் கூடியும் நேரம் ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது. சீட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும் என்பதையும் மறக்காதே. கோடையில் சிங்கப்பூரில் காலை ஒன்பது மணியளவில் ஏறிய நான், அதே தேதி காலை ஒன்பது மணியளவில் அங்கே இறங்கினேன்.

என் கவலையெல்லாம், சிங்கப்பூரில் எழுபதே நிமிடத்தில் விமானம் மாறும் சீட்டை நீ தேர்ந்திருப்பதுதான். நான் போன அன்று திருச்சி விமானம் ஒரு மணி நேரம் தாமதம். நம் பக்கத்து அம்மாள் ஒருவர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பிரசவ லேகியப் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி கணவர் பின்னால் ஓடினார். வாசலை அடைந்தபோது கதவை மூடிவிட்டார்கள். அந்த முகம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. காமாட்சியின் மூட்டு வலியை வைத்துக்கொண்டு நீங்கள் அப்படி ஓட முடியுமா?

நான்கைந்து மணி நேரம் இடைவெளி உள்ள சீட்டாக எடு. வீட்டிலிருந்து திருச்சி போகும் நேரம், மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருப்பது, அங்கே இறங்கியபின் குடிநுழைவு வரிசை எல்லாம் சேர்த்தால் ஒன்றரை நாளாகிவிடும். அதனால் மகளின் பிரசவத் தேதிக்குப் பத்து நாள் முன்பே புறப்படுங்கள். விமானத்துக்குள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருவரும் எழுந்து நடங்கள். ஊர் நேரம் மாறும்போது உன் சர்க்கரை மாத்திரையை எப்போது போடுவதென்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்.

சீட்டு எடுத்ததும் எனக்குத் தெரிவி. திருச்சிவரை நானும் வருகிறேன்.

உன்,
ராமு