ஜெர்மனியில் கார் ஓட்டுவோர் கவனத்திற்கு: நெரிசலில் மீட்பு வழி

உறுப்பினர்களுக்கு வணக்கம். விடுமுறைப் பயணம் கிளம்புபவர்கள் ‘ரெட்டுங்ஸ்காசே’ (நெரிசலில் ஆம்புலன்ஸ் போன்ற மீட்பு வண்டிகளுக்கு விடும் வழி) விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோபான் எனும் விரைவுச்சாலையிலும், ஊருக்கு வெளியே ஒரு திசைக்கு இரண்டு தடமாவது உள்ள சாலையிலும், வண்டிகள் நடை வேகத்துக்குக் குறைந்ததுமே நடுவில் வழி விட வேண்டும். சைரன் கேட்கும்வரை காத்திருப்பதுதான் பெரிய தவறு. முன்வண்டியை ஒட்டி நின்றுவிட்டால் பிறகு ஒதுங்கவே இடமிருக்காது. அதனால் நிற்கும்போதும் இடைவெளி விடுங்கள்.

இடதுகோடித் தடத்தில் இருப்பவர் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், மற்ற எல்லாத் தடத்தினரும் வலப்பக்கம். வலது புறங்கையைப் பாருங்கள்: கட்டைவிரல்தான் இடதுகோடித் தடம், அதற்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆம்புலன்ஸ் போகும். மூன்று தடமோ நான்கோ, இதே கணக்குத்தான்.

போலீஸ் சொன்னாலொழிய அவசர நிறுத்தத் தடத்தில் ஏறாதீர்கள். பழுதான வண்டி அங்கே நிற்கலாம்.

ஒரு ஆம்புலன்ஸ் போனதும் வழியை மூடிவிடாதீர்கள், தயவுசெய்து! பின்னாலேயே தீயணைப்பு வண்டியும் இழுவை வண்டியும் வரும்.

வழி விடாவிட்டால் 200 யூரோ அபராதம், ஓட்டுநர் பதிவில் 2 தண்டனைப் புள்ளிகள், ஒரு மாத ஓட்டுத் தடை. அந்த வழியில் புகுந்து முன்னேறினால் குறைந்தது 240 யூரோ. மோட்டார் சைக்கிளுக்கும் விலக்கு இல்லை.