எங்கள் அம்மாக்களுக்குப் புரிகிற தமிழில் கேளுங்கள்

மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறைக் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்த மருத்துவ மாணவி நான். மூட்டுக் குருத்தெலும்பை மீண்டும் வளர்க்க வழி தேடும் ஆய்வொன்றில் உதவியாக இருக்கிறேன். குருத்தெலும்பில் இரத்தக் குழாய் கிடையாது. தேய்ந்தால் தானாக ஆறுவதில்லை. முழங்கால் மாற்றுச் சிகிச்சையில் வெட்டி எடுக்கும் துண்டுகள் பெரும்பாலும் கழிவாகத்தான் போகும். நோயாளி சம்மதித்தால் அவற்றிலிருந்து கலங்களை (செல்களை) பிரித்து வளர்க்கலாம்.

அந்தச் சம்மதம் வாங்க வார்ட்டுக்குப் போனேன். கட்டிலில் இருந்தவர் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த ஓர் அம்மா. படிவம் தமிழில்தான் இருந்தது. ‘இழையப் பொறியியல்’, ‘உயிரிணக்கச் சாரம்’ என்று வாசித்தேன். படிவம் சொன்ன சாரம், கலங்கள் பற்றி வளர்வதற்கான தாங்கி; எங்கள் ஊரில் சாரம் என்றால் ஆம்பிளைகள் இடுப்பில் கட்டுவது. அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார், ஆனால் எதுவும் கேட்கவில்லை. “எங்க புள்ள கையெழுத்துப் போடணும்?” என்றார். பெரிய இடத்திலிருந்து நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போட்டே பழகியவர்கள் எங்கள் ஆட்கள்.

படிவத்தை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “தவறணையில தேயிலைக் கன்னு போடுறோமே, ஓர் இலையோட துண்டு வெட்டி வச்சு? அதே மாதிரி உங்க முட்டியில எடுக்கிற துண்டிலிருந்து சின்னச் சின்ன உயிர்க் கலங்களை வளர்ப்போம். போஞ்சிக்குக் குச்சி ஊன்றுற மாதிரி அதுக்கும் பிடிச்சு வளர ஒன்னு வேணும்” என்றேன். உடனே புரிந்துகொண்டார். கேள்வியும் வந்தது: “அப்ப என் முட்டி சரியாகிருமா?”

படிவத்தில் இதற்கு நேரான பதில் இல்லை. 1994இல் சுவீடன் மருத்துவர்கள் 23 பேருக்கு அவரவர் கலங்களையே வளர்த்து முழங்காலில் வைத்த முடிவுகளை வெளியிட்டார்கள். அது குருத்தெலும்பில் ஏற்பட்ட குழிகளை நிரப்பும் முயற்சி. மூட்டு முழுக்கத் தேய்ந்தவருக்கு உரியதில்லை. “இல்லம்மா, இந்த ஆய்வால உங்க முட்டி சரியாகாது. வேண்டாம்னாலும் ஒபரேஷன் நடக்கும்” என்றேன். மகளிடம் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார்.

அந்த ஒரு நாளைத்தான் உங்களிடம் கேட்கிறேன். ஒபரேஷனுக்கு முந்தின இரவில் சம்மதம் வாங்க அனுமதிக்காதீர்கள். தமிழ்ப் படிவத்தை அங்கீகரிக்கும் முன் தோட்டத்து அம்மா ஒருவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டதை அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் படிவத்தை எங்களுக்கே திருப்பி அனுப்புங்கள். “இதனால் உங்களுக்குக் குணமாகாது” என்ற வரி முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் வேண்டும். அதைப் படித்துச் சிலர் மறுப்பார்கள், எங்கள் ஆய்வும் தாமதமாகும். பரவாயில்லை, காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மலையகத்து மருத்துவ மாணவி