நாள் எண்ணிய ஆடி

பாளையங்கோட்டை
ஆடி 22

அன்பு மாப்ள,

உன் கடிதம் நேற்று வந்தது. நாலு பக்கம் கம்பெனி, ஆர்டர், வீட்டு வாடகை என்று எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் மூணு வரி பென்சிலில் எழுதியிருக்கிறாய். "வெளிய ஒருத்திகூட ஒரு தப்பு நடந்துட்டு. பத்து நாளாச்சு. யார்ட்டயும் சொல்ல முடியல." அந்த மூணு வரியைத்தான் நேற்று ராத்திரி திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஊர்ச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கம்மாவைப் போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தேன். முட்டுவலி தேவலையாம். மருமகள் ஆடிக்கு அம்பாசமுத்திரம் போனதில் வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஆவணி பிறந்ததும் நீ வந்து கூட்டிப்போவாய் என்று சொன்னார்கள். ஆடி அமாவாசைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு பாபநாசம் போனேன். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. சொரிமுத்தையனார் கோயில்வரை போகவேண்டும் என்றார், கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவரே வேண்டாம் என்றுவிட்டார். குற்றாலத்தில் சாரல் இருக்கிறது, நாம் போகாமல் மூணு சீசன் ஆகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் இதே ஆடியில் நானும் உன்னைப் போல நோய் பயத்தில் நாள் எண்ணிக்கொண்டு கிடந்தேன் மாப்ள. உனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த சமயம் என்பதால் உன்னிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆனியில் மதுரையில் மூணு நாள் டிரெயினிங். முன்னால் எங்கள் ஆபீஸில் வேலை பார்த்த ஒருத்தியும் வந்திருந்தாள். பழைய பழக்கம், பேச்சு வளர்ந்து, ஒரு ராத்திரி. ஆணுறை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. திரும்பும்போது பஸ் கோவில்பட்டி தாண்டியதும் வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. அவளுக்கு வேறு யாரோடு பழக்கம் இருந்ததோ, எனக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டதோ என்று நினைப்பு ஓடியது. எனக்கும் அதற்கு முன்னால் ஒருத்தியோடு பழக்கம் இருந்தது உனக்கே தெரியும். அது மட்டும் அன்றைக்கு என் கணக்கில் வரவே இல்லை.

அஞ்சாம் நாள்தான் போனில் தேடிப் படித்தேன். எச்.ஐ.வி. பயம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கலாம், 28 நாள் விடாமல் சாப்பிட்டால் கிருமி உடம்பில் தங்காமல் தடுக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று இருந்தது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எனக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. உனக்கும் தாண்டிவிட்டது, அதை நினைத்து இனி மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

அதற்குப் பிறகு நான் பட்டது பெரிய பாடு. காலையில் பல் தேய்க்கும் முன் போன் டார்ச்சை அடித்து நாக்கைப் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. மருந்துக்கடை வாசலில் இருக்கிற எடை மெஷினில் தினமும் ஏறுவேன், அரைக் கிலோ குறைந்தால் மத்தியானம் சோறு இறங்காது. அம்மா எனக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சுற்றிப் போட்டாள். ஆறாம் நாள் ஒரு தனியார் லேபில் எல்லா டெஸ்டும் சேர்த்து எடுத்தேன், 3,200 ரூபாய். எல்லாம் நெகட்டிவ். புதிதாக ஒட்டியது ஆறாம் நாளில் இந்த டெஸ்டில் அநேகமாகப் பிடிபடாது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. ரூபாயை வாங்கிக்கொண்டு காகிதத்தைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் விண்டோ பீரியட் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. கிருமி உள்ளே வந்திருந்தாலும் டெஸ்டில் தெரிய நாள் பிடிக்கும். ஆஸ்பத்திரிகளில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்கிற நாலாம் தலைமுறை எச்.ஐ.வி. டெஸ்டுக்கு 18 முதல் 45 நாள். விரலில் குத்திப் பார்க்கும் ரேபிட் டெஸ்ட் என்றால் 90 நாள் போனால்தான் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

இருபத்திரண்டாம் நாள் குளிக்கும்போது கீழே ஒரு சின்னப் புண்ணைப் பார்த்தேன். மொச்சைக்கொட்டையில் பாதி இருக்கும், ஓரம் கெட்டியாக இருந்தது. வலியே இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். சூட்டுக் கொப்புளம் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன். மருந்துக்கடையில் சொல்லி ஒரு ஆயின்மென்ட் வாங்கிப் போட்டேன். ஒரு வாரத்தில் கொஞ்சம் ஆறின மாதிரி இருந்தது, எனக்கும் நிம்மதி. அதுதான் அந்த நோயின் சூது என்று பிறகு தெரிந்தது. மருந்து போடாவிட்டாலும் அந்தப் புண் சில வாரத்தில் தானாக ஆறிவிடும், நோய் மட்டும் உள்ளே இருந்துகொண்டு வருஷக்கணக்கில் மூளை, இருதயம்வரை போகலாம்.

ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். யாராவது சொந்தக்காரர் பார்த்துவிட்டால் என்ன சொல்வது? மூணாவது தடவை உள்ளே போய், எச்.ஐ.வி.க்கு ஆலோசனை சொல்லி டெஸ்ட் எடுக்கிற நம்பிக்கை மையம் எங்கே என்று கேட்டேன். கேட்கும்போது என் குரலே எனக்குக் கேட்கவில்லை. ஆலோசகர் ஒரு அம்மா, எங்கள் பெரியக்கா வயசு இருக்கும். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்கள். யார், என்ன சாதி, கல்யாணம் ஆகலையா என்று ஒரு விசாரணையும் இல்லை. என்றைக்கு நடந்தது, எப்படி நடந்தது, ஆணுறை போட்டதா, புண் உண்டா, ஒண்ணுக்குப் போகையில் எரிச்சல் உண்டா என்று வரிசையாகக் கேட்டார்கள். நான் சொல்லி முடித்ததும், "பயந்து பயந்தே முப்பது நாளு ஓட்டிட்டீங்களே தம்பி, ஒரு நாளு இங்க வந்திருக்கலாம்லா" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்ள. ஒரு மாசத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அந்த அம்மாதான்.

அவர்கள் சொன்ன ஒரு கணக்கை உனக்கும் சொல்கிறேன். எச்.ஐ.வி. இருக்கிற, மருந்து எடுக்காத பெண்ணோடு ஆணுறை இல்லாமல் ஒரு தடவை சேர்ந்தால், ஆணுக்கு அது தொற்றுகிற வாய்ப்பு 10,000-க்கு 4 அளவில்தான். பெண்ணுக்கு அதில் இரண்டு மடங்கு. வேறு பால்வினை நோய்ப் புண் இருந்தால் கூடும். இதைச் சொல்லிவிட்டு, "அதுக்காக டெஸ்ட் வேண்டாம்னு இல்ல" என்றும் சொன்னார்கள். சம்மதம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் ரத்தம் எடுத்தார்கள். 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி நம் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக்கூடாது, ரிசல்ட்டை நம்மைக் கேட்காமல் வெளியே சொல்லவும் கூடாது. காசு எதுவும் இல்லை.

எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது. வி.டி.ஆர்.எல். என்கிற இன்னொரு ரத்த டெஸ்ட் ரியாக்டிவ், அதாவது நோய் இருக்கிறது, அளவு 1:16. சிஃபிலிஸ் என்கிற பால்வினை நோய்.

நாம் ஏழாவது எட்டாவது படிக்கும்போது ஊரெல்லாம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று எழுதிவைத்திருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒரே பெயர்தான் நம் மண்டையில் ஏறியது. சிஃபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, மஞ்சள்காமாலை பி என்று இவ்வளவு இருப்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஒரு மாசமாக நான் எச்.ஐ.வி.யை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். ஊசி போட்டால் போகிற நோய், என் உடம்பிலேயே புண்ணாக உட்கார்ந்திருந்தது, நான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பென்சிலின் ஊசி, 24 லட்சம் யூனிட். முதலில் கையில் துளி போட்டு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தார்கள். மருந்து பால்மாதிரி கெட்டியாக இருக்கும், அதற்கேற்ற தடித்த ஊசி, இரண்டு புட்டத்திலும் பாதிப் பாதி. ரொம்ப மெல்லத்தான் ஏற்றுகிறார்கள். நல்ல வலி. ஸ்கூட்டரில் உட்கார முடியாமல் வண்ணார்பேட்டைவரை தள்ளிக்கொண்டே நடந்தேன். ராத்திரி குளிர் தூக்கிப்போட்டது, காய்ச்சல். கிருமி மொத்தமாகச் சாகும்போது இப்படி வரும், ஒரு நாளில் போய்விடும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அதனால் பயப்படாமல் போர்த்திக்கொண்டு படுத்தேன். மறுநாள் சரியாகிவிட்டது.

அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருந்தது. அவளுக்குச் சொல்லவேண்டும். கூட இருந்தவருக்கும் டெஸ்ட் எடுக்காவிட்டால் சரியாகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கொக்கிரகுளம் ஆற்றுப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நான் ஒரு மாசமா உன்னாலதான் எனக்கு ஏதும் வந்திருமோன்னு பயந்துட்டு இருந்தேன்" என்றாள். நான் அவளை நினைத்துப் பயந்ததுபோலவே அவளும் என்னை நினைத்துப் பயந்திருக்கிறாள். அவளுக்கும் ரியாக்டிவ் வந்து, மதுரையிலேயே ஊசி போட்டுக்கொண்டாள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. என்னிடமிருந்தேகூடப் போயிருக்கலாம். பஸ்ஸில் நான் அவளைப் பற்றி நினைத்ததற்கு அன்றைக்கு மன்னிப்புக் கேட்டேன்.

புரட்டாசிக் கடைசியில் எச்.ஐ.வி. டெஸ்ட் மறுபடி எடுத்தேன், நெகட்டிவ், அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. வி.டி.ஆர்.எல். 1:4-க்கு இறங்கியிருந்தது, தையில் 1:2, போன வாரம் எடுத்ததில் ஒன்றும் இல்லை. சிஃபிலிஸுக்கே டி.பி.எச்.ஏ. என்று இருக்கிற இன்னொரு டெஸ்ட் மட்டும் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவ் காட்டும். மஞ்சள்காமாலை பி-க்கு மூணு ஊசியும் போட்டு முடித்தாகிவிட்டது. நம் வயசுக்காரர் நிறையப்பேர் சின்ன வயசில் அதைப் போட்டிருக்க மாட்டோம், நீயும் கேள். ஒரு வருஷமாக வருகிற வரனையெல்லாம் ஏன் தட்டிக்கழித்தேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. போன வாரம்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது உன் காரியம். எரிச்சல், சீழ் மாதிரி ஏதாவது உண்டா? கொனோரியா என்றால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் காட்டிவிடும். கிளமிடியா பல பேருக்கு ஒன்றுமே காட்டாது. அதனால் ஒன்றும் இல்லையே என்று இருந்துவிடாதே, இப்போதே ஒரு தடவை டாக்டரைப் பார். அது நடந்த நாளிலிருந்து ஆறு வாரம் கழித்து எச்.ஐ.வி.யும் வி.டி.ஆர்.எல்.லும் எடு, மூணு மாசம் முடிந்ததும் இன்னொரு தடவை. ஐப்பசியில் முழுக் கணக்கும் முடிந்துவிடும். நடுவில் தினமும் லேபுக்கு ஓடாதே. பஸ் ஸ்டாண்ட் சுவரில் விளம்பரம் ஒட்டியிருக்கிற வைத்தியர் யாரிடமும் போய் உட்காராதே. ராத்திரி மனசு தாங்கவில்லை என்றால் 1097 என்கிற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குப் பேசு, இலவசம், பெயர் சொல்லவேண்டியதில்லை.

அடுத்துச் சொல்லப்போவதற்கு நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை. தங்கச்சி ஆவணியில் வந்துவிடும். உன் டெஸ்ட் முடிய ஐப்பசி ஆகும். அதுவரை ஆணுறை இல்லாமல் அவள் பக்கத்தில் போகக்கூடாது. கல்யாணமான முதல் வருஷம், வீட்டில் எல்லாரும் குழந்தைச் செய்தியை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். சிஃபிலிஸ் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போகும் மாப்ள, கலைந்துவிடலாம், இறந்தே பிறக்கலாம். அவளிடம் சொல்லிவிடு என்பதுதான் என் எண்ணம். இன்றைக்கே வேண்டாம், முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு, என்ன என்று தெரிந்துகொண்டு சொல். தெரியாத காரணத்துக்காக மூணு மாசம் நீ ஒதுங்கியிருந்தால் அவள் தன்மேல்தான் குறை என்று நினைப்பாள். அந்தப் பாவம் வேண்டாம். சொல்லும்போது நான் கூட இருக்கணும் என்றாலும் வருகிறேன், என்னை அண்ணன் என்றுதானே கூப்பிடுகிறாள்.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக வராது என்று உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இங்கிருந்து பஸ் ஏறுகிறேன். திங்கள் காலையில் திருப்பூரில் இறங்கியதும் போன் பண்ணுகிறேன். அரசு ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே போவோம். கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவை. இந்த டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை, இட்லி ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா.

உன்
பெஞ்சுக் கூட்டாளி