பெரிய வியாழன் பெஞ்சில் செவிலியருக்கு இடம் கொடுங்கள்

எங்கள் பங்குத்தந்தைக்கும், பங்குப் பேரவையினருக்கும், தெருவாரி ஜெபக்குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

தவக்காலம் தொடங்கிவிட்டது. ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் பூசையில் சாமியார் பாதம் கழுவ யார் யாரைப் பெஞ்சில் உட்காரவைப்பது என்று இன்னும் சில வாரங்களில் பேரவையில் பேசுவீர்கள். அதற்கு முன்னால் என் அம்மாவைப் பற்றி உங்களிடம் பேசவேண்டும். போன ஆகஸ்டில் அவரை அடக்கம் செய்தபோது நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். உங்களில் பாதிப்பேருக்கு அவரை 'ஸ்டான்லி சிஸ்டர்' என்றுதான் தெரியும். கோவிலில் சிஸ்டர் என்றால் மடத்துக் கன்னியர். எங்கள் தெருவில் சிஸ்டர் என்றால் அம்மா.

அம்மா காசிமேட்டில் கட்டுமரக்காரர் வீட்டில் பிறந்தவர். எழுபதுகளின் கடைசியில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து 34 வருடம் அங்கேயே நின்றார். அந்த ஆஸ்பத்திரியை எங்கள் ஆயா கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொன்னார். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. "எம் பொண்ணு கஞ்சி ஊத்துன எடத்துல வேலை செய்யுது" என்று ஆயா மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பெருமையாகச் சொல்வார்.

வேலையில் பெரும்பகுதி சர்ஜரி வார்டில். சர்க்கரை நோயில் உணர்ச்சி செத்துப்போன கால்கள் அங்கே நிறைய வரும். ஆணி ஏறியது தெரியாமல் ஒரு வாரம் நடந்திருப்பார்கள். செருப்பில்லாமல் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்கள், துறைமுகத்தில் இரும்பு விழுந்து நசுங்கியவர்கள், பிளாட்பாரத்தில் கிடந்து, புண்ணில் புழு வைத்தபிறகு யாரோ ரிக்‌ஷாவில் கொண்டுவந்து போட்டவர்கள். அம்மா புண்ணில் டர்பன்டைன் விட்டு, வெளியே வரும் புழுவை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுப்பார். எடுத்து முடித்ததும் முழங்கால்வரை கழுவித் துடைப்பார். கழுவும்போது அந்த ஆளிடம் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். "மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னா அந்த மனுசனுக்கு எப்படி இருக்கும்?" இதை என்னிடம் ஒரே ஒருமுறை, ரசத்துக்குப் புளி கரைத்தபடியே சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது. சாப்பாடு இறங்கவில்லை.

அவருடைய கால்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவற்றை எனக்குத்தான் நன்றாகத் தெரியும். காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறக் கெண்டைச்சதை அசைந்து பிழிந்து தள்ளவேண்டும். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கும். நாளடைவில் நாளத்துக்குள் இருக்கும் வால்வுகள் தளர்ந்துபோகும். அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு நீலமாகப் புடைத்துவிட்டன. நைட் டூட்டி முடிந்து வரும் காலைகளில் வெள்ளை ஷூவைக் கழற்றினால் கணுக்காலில் சாக்ஸின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருக்கும். அகலமான அலுமினியப் பேசினில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டு நான் கொண்டுவந்து வைப்பேன். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் எனக்கிருந்த வேலை அது. காலை உள்ளே வைத்ததும் கண்ணை மூடி "அம்மா மரியே" என்பார். அவருடைய காலை ஜெபம் பல நாள் அவ்வளவுதான்.

பக்திக்குக் குறைவில்லை. செவ்வாய்க்கிழமை காலை டூட்டி என்றால் முடிந்த கையோடு அரண்மனைக்காரத் தெரு அந்தோணியார் கோவிலுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வார்டில் கையுறையோடு ஜெபமாலை உருட்ட முடியாது. அதனால் ட்ரிப் சொட்டை எண்ணும்போது மனதுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வார். அதைச் சொல்லி முடிக்கும் நேரம் அவர் கணக்கில் கால் நிமிடம். அதற்குள் விழுந்த சொட்டை நாலால் பெருக்கிக்கொள்வார். அப்படி எத்தனை ஜெபமாலை சொல்லியிருப்பாரோ! ஆனால் பாடற்குழுவில் அவர் இல்லை, மரியாயின் சேனைக் கூட்டத்துக்குத் தொடர்ந்து வந்ததில்லை, எத்தனையோ கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசையில் எங்கள் பெஞ்சில் அவர் இடம் காலியாகவே இருந்தது. "உங்கம்மா கோவிலுக்கே வர்றதில்லையே" என்று சின்ன வயதில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இப்போது அவர்கள்மேல் வருத்தம் இல்லை. அப்போது அழுதேன்.

குழந்தைகள் வார்டில் இருந்த காலத்தில் நடந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஒரு பச்சைக்குழந்தை பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாய் கத்தோலிக்கப் பெண். சாமியார் வந்துசேர நேரம் இல்லை. அம்மா ஸ்டீல் டம்ளரில் தண்ணீர் எடுத்து, தாய் சொன்ன பெயரைச் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே ஞானஸ்நானம் கொடுத்தார். அவசரத்தில் இப்படி யாரும் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. கேட்காதவர் பிள்ளைக்கு ஒருநாளும் அவர் செய்ததில்லை. முஸ்லிம் வீட்டுக் குழந்தை என்றால் வாசலில் நிற்கும் தாத்தாவைக் கலிமா ஓத உள்ளே அழைத்துவருவார். இந்துத் தாய் கேட்டால் திருநீறு வாங்கிவர ஆள் அனுப்புவார்.

ஃபாதர், சாகப்போகிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் பொறுப்பைத் திருச்சபை ஒரு நர்ஸின் கையில் நம்பி விட்டிருக்கிறது. அவள் கால் மட்டும் நம் கோவில் பீடத்துக்கு முன்னால் வர ஏன் தயங்கவேண்டும்?

2004 டிசம்பர் 26, ஞாயிறு. திருக்குடும்பத் திருவிழா. கிறிஸ்துமஸ் ராத்திரி முழுவதும் டூட்டி பார்த்துவிட்டு வந்த அம்மா, குளித்து, புதுப்புடவை கட்டி எங்களோடு பூசைக்கு வந்தார். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று கூச்சல் கேட்டதும் என்னைத் தம்பியோடு மாமா வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, அதே புடவையில் பழைய ஜெயில் ரோடு பக்கம் நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் மாலைதான் வீடு திரும்பினார். அன்றைக்கும் பேசின் வைத்தேன். தண்ணீரில் மணல் இறங்கியது.

நம் பங்கில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்கள்தான் அந்தப் பெஞ்சில் உட்காருகிறார்கள். சில வருடங்களுக்கு முன்னால் நான் கேட்டபோது, சீடர்கள் ஆண்கள்தானே, அது மரபு என்றார்கள். மரபாக இருந்தது உண்மை. ஆனால் 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸின் விருப்பப்படி வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் அந்த விதியை மாற்றிவிட்டது. இறைமக்களில் யாரையும், பெண்களையும் தேர்ந்தெடுக்கலாம். அவரே 2013-இல், பதவிக்கு வந்த சில வாரங்களில், ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய்ப் பெண்பிள்ளைகளின் கால்களையும் கழுவி முத்தமிட்டார்.

நம் வட்டாரத்தில் படகுக்காரர்கள் எழுப்பிய இராயப்பர் கோவில் இருக்கிறது. இராயப்பர் என்றால் சீடர் பேதுரு. ராயபுரம் என்ற பெயரே அவரால் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த இராயப்பர்தான் என் காலை நீர் கழுவுவதா என்று ஆண்டவரிடமே மறுத்தார். நீங்கள் கூப்பிட்டால் நம் நர்ஸ்களும் முதலில் அப்படித்தான் மறுப்பார்கள். அம்மாவும் மறுத்திருப்பார். தயவுசெய்து இரண்டாவது தடவையும் கூப்பிடுங்கள்.

எனக்குத் தெரிந்தே நம் அன்பியங்களில் வேலையில் இருக்கும் நர்ஸ்கள் ஏழு பேர், ஓய்வு பெற்றவர்கள் மூன்று பேர், வார்டு ஆயாம்மா இரண்டு பேர். எல்லோருடைய டூட்டியையும் விசாரித்து வைத்திருக்கிறேன். நைட் டூட்டிக்காரர்கள் பூசை முடியும்வரை இருக்க முடியாது. வாசகம், பிரசங்கம் முடிந்து பாதம் கழுவியதும் பக்கத்துக் கதவு வழியாகக் கிளம்ப அவர்களை அனுமதியுங்கள். அந்தக் குட்டைப் பெஞ்சு வேண்டாம், முதுகு சாய நாற்காலி போடுங்கள். முட்டி மடக்கி எழ அவர்களில் பலருக்கு முடியாது. தண்ணீரைக் கொஞ்சம் சூடாக வையுங்கள். எங்கள் வீட்டுப் பேசின் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டுமென்றால் தேய்த்து எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
ஸ்டான்லி சிஸ்டரின் மகள்