பனைமரத்தடிக்கு ஒரு உரிமம் கேட்டு: மதுவிலக்குத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை அமைச்சர் அவர்களுக்கும் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய ஒரு ஊரிலிருந்து எழுதுகிறேன். கள் தடையைப் பற்றித்தான். 1987 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து அந்தக் கதை உங்கள் கோப்புகளில்தான் தூங்குகிறது, அதனால் உங்களுக்கே வரலாறு சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. அதியமானும் ஔவையாரும் கள் குடித்த கதையையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு கள் போராட்ட மேடைக்கும் இழுத்து வந்து இழுத்து வந்து அவர்கள் இருவருக்குமே அலுத்துப் போயிருக்கும்.

போன சித்திரையில் எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் மிச்சமிருக்கும் பனையேறி ஒரே ஒருவர்தான். வயது 61. ஊரே அவரை மாமா என்று கூப்பிடும், நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். ஓடைக்கரையில் 14 பனைகளைக் குத்தகைக்கு எடுத்து ஏறுகிறார். அன்றைக்குக் காலை ஆறு மணி இருக்கும், கடைசி மரத்தின் உச்சியில் அவர் இருந்தபோது ஜீப் வந்தது. கீழே இறக்கி வைத்திருந்த கலயங்களை லத்தியாலேயே உடைத்தார்கள். அப்புறம் மேலே பார்த்து, இறங்குடா என்றார்கள். பேரன் வயதுப் பையன் ஒருவன் சொன்னான். சரி, அதை விடுங்கள்.

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. 14 கலயங்களில் மூன்றில் சுண்ணாம்பு தடவவில்லை, அது கள்தான். மற்ற பதினொன்றும் பதநீர். மோந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், ஆனால் உடைத்த பிறகு எதை மோப்பது? பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே உங்கள் சட்டம் போட்டிருக்கும் வேலி, கலயத்தின் உள்பக்கம் தடவுகிற அந்தச் சுண்ணாம்பு மட்டும்தான். கொஞ்சம் கூடினால் நாக்கு பொத்துப்போகிறது என்று வாங்குபவர் திட்டுவார். குறைந்தால் சித்திரை வெயிலுக்கு ஏழு மணிக்குள் நுரைத்துவிடும், நுரைத்தால் குற்றவாளி. இந்தக் கத்தி முனையில் நின்றுகொண்டுதான் அந்த மனிதர் நாற்பது வருடமாகப் பிழைக்கிறார்.

வழக்கும் அபராதமும் பெரிய விஷயமில்லை, கடன் வாங்கிக் கட்டிவிட்டார். பெரிய விஷயம் பாளை, அதாவது பனையின் பூங்குலை. உங்களில் யாரும் பாளை சீவியிருக்க வாய்ப்பில்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். பாளை வெளியே வந்ததும் அதைக் கடிப்பு என்கிற இடுக்கி வைத்து நசுக்கி, நாரால் கட்டி, நுனியை நாள் தவறாமல் சீவிச் சீவிப் பழக்க வேண்டும். நாள் கணக்கில் இப்படிச் சேவகம் செய்த பிறகுதான் முதல் சொட்டு விழும். விழ ஆரம்பித்த பிறகும் காலையும் மாலையும் ஏறி, தாள் கனத்துக்கு ஒரு சீவு சீவியே ஆக வேண்டும், காய்ச்சலோ கல்யாணமோ இழவோ எதுவும் விதிவிலக்கு இல்லை. சீவாமல் விட்டால் நுனி காய்ந்து அடைத்துக்கொள்ளும். மாமாவை அன்று முழுக்க நிலையத்தில் உட்கார வைத்தார்கள். மறுநாள் நீதிமன்றம். மூன்றாம் நாள் மதியம் ஜாமீனில் வந்தவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஓடைக்கரைக்குப் போய் ஏறினார். 14-இல் ஒன்பது மரம் அடைத்துப் போயிருந்தது. பனை தென்னை மாதிரி வருடம் முழுக்கக் கொடுப்பதில்லை, தை மாசியில் தொடங்கி ஆடிக்குள் முடிந்துவிடும். அந்த ஒன்பது மரத்துக்கும் அந்த வருடம் அத்தோடு சரி. குத்தகைப் பணம் மட்டும் 14 மரத்துக்கும் கொடுத்தாக வேண்டும்.

எந்தச் சட்டப் பிரிவிலும் இந்தத் தண்டனை எழுதப்பட்டிருக்காது.

அதனால் என் கோரிக்கையை இங்கேயே வைத்துவிடுகிறேன்: மரம் ஏறுபவர், தான் இறக்கிய கள்ளைத் தன் மரத்தடியிலேயே விற்க ஒரு உரிமம் கொடுங்கள். அவ்வளவுதான்.

யாருக்காக அந்த மூன்று கலயம் என்று கேட்பீர்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அந்த மரத்தடியில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், முடிதிருத்தும் அண்ணன், தேங்காய் லாரி ஓட்டுபவர், பக்கத்துத் தோப்பில் வேலை செய்கிறவர்கள், சில நாள் நானும். ஆளுக்கு ஒரு பனையோலைப் பட்டை, மிஞ்சினால் இரண்டு. நாளைக்கு எந்தத் தோப்பில் காய் வெட்டு, யார் வீட்டு மாடு கன்று போட்டது, எந்த வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும், எல்லாம் அங்கேதான் தெரியும். போன வருடம் வாத்தியார் இரண்டு நாள் சேர்ந்தாற்போல வரவில்லை. என்ன ஆச்சு என்று போய்ப் பார்த்தால் மனிதர் குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார், பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூர். டாஸ்மாக் வாசலில் இன்று வராதவனை யாராவது தேடுவார்களா? அங்கே வந்தவன் முகத்தையே யாரும் பார்ப்பதில்லை. கம்பிக்குள் கையை நீட்டி வாங்கி, பக்கத்துச் சந்தில் நின்றபடியே ஊற்றிக்கொண்டு ஓடுகிறான். அந்த பாட்டிலில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று அச்சடித்தே விற்கிறீர்கள். அன்றைக்கு இறக்கிய கள்ளில் நாலோ ஐந்தோ இருக்கும், வெயிலில் வைத்தால் இன்னும் கொஞ்சம் ஏறும், மறுநாள் புளித்துக் காடியாகிவிடும். பதுக்கி வைத்து விற்க முடியாத சரக்கு அது.

பழைய கள்ளுக்கடை சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், சாகும்வரை கள்ளுக்கடை இருந்த பக்கமே திரும்பிப் பார்க்க மாட்டார், ஒரு ஏக்கர் நிலம் அந்தக் கடைக்குள் போனது என்பார். ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தெருவில் இறங்கியதும், பெரியார் தன் தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும் எங்கள் பக்கத்துக் கதைதான். அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது. போதாததற்கு, யார் திண்ணையில் உட்காரலாம், யார் தரையில், யாருக்கு எந்தப் பாத்திரம் என்ற கணக்கு வேறு. மாமாவின் மரத்தடியில் அந்தக் கணக்கு முழுசாக ஒழிந்துவிட்டது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் பனையோலைப் பட்டையில் குடித்துவிட்டுத் தூக்கி எறிகிறோம், யார் வாய் வைத்தது என்று கழுவிப் பார்க்க அங்கே பாத்திரமே கிடையாது.

கலப்படம் என்பீர்கள். உண்மைதான், 2025-இல் தெலுங்கானாவில் கலப்படக் கள் குடித்து உயிர்கள் போயின. ஆனால் கலப்படம் எங்கே ஏறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கடையை ஏலத்தில் எடுத்தவன் போட்ட காசை எடுக்க வேண்டும், பத்து மரத்துக் கள்ளை நூறு பேருக்கு ஊற்ற வேண்டும், வண்டியில் ஏற்றித் தூரமாக அனுப்ப வேண்டும், அப்போதுதான் தண்ணீரும் தூக்க மாத்திரையும் உள்ளே வருகின்றன. அதனால்தான் பழைய ஏலக் கடையை நான் கேட்கவில்லை. ஏலம் வேண்டாம், குத்தகைதாரர் வேண்டாம், வண்டியும் வேண்டாம். இத்தனை மரம், இத்தனை கலயம், இந்த ஆள், இந்த மரத்தடி. மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டுமானால் தினமும் வாருங்கள், ஒரு பட்டை உங்களுக்கும் ஊற்றுவோம். 2009-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சிவசுப்பிரமணியம் தலைமையில் கள் தடையை ஆராயவென்றே ஒரு குழு போட்டீர்களே, அப்போதிருந்து நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தேர்தலுக்குத் தேர்தல் பேச்சு வரும், பழைய கள் புதிய மொந்தை என்பதுகூடப் பொருந்தாது, மொந்தை மட்டும்தான் வருகிறது.

எங்கள் ஊரிலிருந்து பைக்கில் போனால் கோபாலபுரம் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் கேரளத்தின் சித்தூர் தாலுகா. அதே மண், அதே காற்று, பேச்சிலும் பாதி தமிழ். அந்தப் பக்கம் பனையிலோ தென்னையிலோ கள் இறக்கினால் தொழிலாளி, அவருக்கென்று 1969-லேயே நலநிதிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் இறக்கினால் குற்றவாளி. எங்கள் ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் கப்பக்கிழங்கும் மீன்கறியும் வைத்துக்கொண்டு குடும்பமாக உட்கார்ந்து குடித்துவிட்டு வருகிறார்கள். காசு அந்த மாநிலத்துக்கு, ஏப்பம் மட்டும் நமக்கு.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி இந்திராநகரில் ஒரு கடையில் உட்கார்ந்து படம் எடுத்து இணையத்தில் போடுகிறான், அந்தக் கடையிலேயே காய்ச்சிய பீராம், கிராஃப்ட் பீர். பக்கத்து மேசைக்காரர்களோடு பழக்கமாகிவிட்டதாம், வாரா வாரம் சேர்ந்து சைக்கிள் ஓட்டப் போகிறார்களாம். நல்ல விஷயம், எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. ஆனால் அந்த பீருக்கு மால்ட்டும் ஹாப்ஸும் ஈஸ்ட்டும் காசு கொடுத்து வாங்கி, பெரிய எஃகுத் தொட்டியில் நாள் கணக்கில் ஊற வைக்க வேண்டும். மாமாவின் கலயத்தில் ஈஸ்ட் காற்றிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர் மரத்தைவிட்டு இறங்குவதற்குள் வேலை ஆரம்பித்துவிடுகிறது. அங்கே அதற்குப் பெயர் கைவினை. இங்கே அதற்குப் பெயர் கள்ளச்சரக்கு.

கள்ளச்சரக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தீர்கள். டாஸ்மாக்கில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பத் தருகிறீர்கள். பனை நம் மாநில மரம், அதை வெட்ட மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றும் உத்தரவு இருக்கிறது. மரத்துக்குக் கிடைக்கிற இந்தப் பாதுகாப்பில் ஒரு துளி, மரம் ஏறுகிறவருக்கும் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் செய்துவிடுவோம். வேண்டுமானால் அவரையும் வேரோடு நட்டு வைத்துவிடலாம்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மரியாதையாகவே கேட்கிறேன், மறுபடியும் அதையேதான் கேட்கிறேன். மரம் ஏறுபவர் தான் இறக்கிய கள்ளைத் தன் மரத்தடியில் விற்க உரிமம் கொடுங்கள். மாநிலம் முழுக்க உடனே முடியாதென்றால் ஒரு வட்டாரத்தில், ஒரே ஒரு பருவம் விட்டுப் பாருங்கள். அதுவும் முடியாதென்றால், வழக்குப் போட்டாலும் காலையும் மாலையும் பாளை சீவ ஒரு மணி நேரம் ஆளை வெளியே விட வேண்டும் என்றாவது நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதைச் சிரித்துக்கொண்டு எழுதவில்லை.

கடைசியாக ஒன்று. மாமாவின் பாளை அரிவாளைத் தொண்டிப் பொருள் என்று எடுத்துப் போனார்கள். அது அவருடைய அப்பா வைத்திருந்தது, தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருக்கும். சந்தையில் புதிதாக ஒன்று வாங்கினார், அதில் பாளை நறுக்கென்று சீவ வரமாட்டேன் என்கிறது, பிசிறடிக்கிறது என்கிறார். வழக்கு எப்போது முடியுமோ முடியட்டும். வருகிற தைக்குள் அந்த அரிவாளையாவது திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓடைக்கரை மரத்தடியில் சில நாள் உட்காருகிற ஒருவன்