பிரேக் ஆயில் கிட் பற்றிய புகார்: நான் அனுப்பிய படத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இந்த விஷயமாக நான் எழுதும் நான்காவது மின்னஞ்சல் இது. முதல் மூன்றுக்கும் வந்த பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தொடக்க வரியும் கடைசி வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் இந்தத் தடவை நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். தயவுசெய்து யாராவது ஒருவர் கடைசி வரை படித்துவிட்டுப் பதில் போடுங்கள். ஆர்டர் விவரம், சாட் பதிவு, படங்கள் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன.

என் சைக்கிளில் முன்னும் பின்னும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், அதாவது கம்பிக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக். பின் பிரேக் லீவர் கொஞ்ச நாளாகப் பஞ்சு மாதிரி அமுங்கிக்கொண்டிருந்தது, இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் பிடிக்கும். எண்ணெய் ஓடும் குழாயான ஹோஸுக்குள் காற்று புகுந்தால் இப்படித்தான் ஆகும், பழைய எண்ணெயை வெளியே எடுத்துப் புதுசு ஏற்றினால் சரியாகிவிடும் என்று தெரியும். செயின் மாற்றுவது, கியர் டியூன் செய்வது எல்லாம் நானே செய்துகொள்கிறவன்தான், பிரேக்கில் மட்டும் அதுவரை கை வைத்ததில்லை. உங்கள் தளத்தில் ஊசிக்குழல், ட்யூப், எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒரு ப்ளீடிங் கிட் இருந்தது. 'ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குகளுக்கு, வீட்டிலேயே நீங்களே செய்யலாம்' என்று போட்டிருந்தீர்கள். உள்ளே இருப்பது என்ன எண்ணெய் என்று மட்டும் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

அதனால்தான் வாங்குவதற்கு முன்பே கேட்டேன். சாட்டில் லீவரைப் படம் எடுத்துப் போட்டு, 'இந்த பிரேக்குக்கு இந்த கிட் சரியாக இருக்குமா, எண்ணெய் எது என்று போடவில்லையே' என்று எழுதினேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: 'வணக்கம் சார், இந்த கிட் எல்லா ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கும் பொருந்தும், தாராளமாக வாங்கலாம்.' அந்தப் பதிலை நம்பித்தான் வாங்கினேன்.

இப்போது அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். லீவரில் எண்ணெய்த் தொட்டியின் மூடி மேலேயே, 'மினரல் ஆயில் மட்டும்' என்று பொறித்திருக்கிறது. எழுத்து சின்னதுதான், ஆனால் படத்தில் தெளிவாகப் படிக்க முடிகிறது. நீங்கள் அனுப்பிய பாட்டிலில் இருந்தது டாட் 5.1 என்ற வேறு வகைத் திரவம்.

பாட்டிலில் டாட் 5.1 என்று இருந்ததை நானும் பார்த்தேன். அது எண்ணெயின் தரத்தைச் சொல்லும் எண் என்று நினைத்துக்கொண்டேன். லீவர் மூடியை அப்போதே நான் உற்றுப் பார்த்திருக்க வேண்டும், அது என் பங்குத் தவறு, அதை மறைக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியாது என்பதால்தானே தெரிந்தவர்கள் என்று உங்களைக் கேட்டேன்?

உங்கள் சாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். சைக்கிள் பிரேக்கில் ஓடும் எண்ணெய் இரண்டு வகை. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஹோப்புக்கும் ஸ்ராமின் பல மாடல்களுக்கும் டாட். ஸ்ராமும் இப்போது சில மாடல்களில் மினரல் ஆயிலுக்கு வந்துவிட்டது, ஆக கம்பெனிப் பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிடவும் முடியாது, லீவரில் எழுதியிருப்பதைப் படித்தே ஆக வேண்டும். டாட் கிளைக்கால் வகைத் திரவம், காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், மினரல் ஆயில் குடிக்காது. இரண்டுக்கும் உள்ளே போடும் ரப்பர் சீலே வேறு வேறு. ஒன்றுக்கான சீல் இன்னொன்றில் ஊறினால் உப்பிவிடும். இரண்டுக்கும் பொருந்தும் எண்ணெய் என்று ஒன்று கிடையாது. 'எல்லா ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கும் பொருந்தும்' என்ற வாக்கியத்தை, பிரேக் வேலை தெரிந்த யாரும் எழுத மாட்டார்கள்.

கிட் வந்த அன்றே உட்கார்ந்து பின் பிரேக்குக்கு ஏற்றினேன். லீவர் நன்றாக இறுகிவிட்டது என்ற சந்தோஷத்தில் முன் பிரேக்குக்கும் அதையே ஏற்றினேன். ஒரு வாரம் நன்றாகவே போனது. ஒன்பதாவது நாள் லீவரை விட்டால் அது உடனே திரும்பவில்லை, சோம்பலாக மெதுவாக வந்தது. மறுநாள் இறக்கத்தில் வேகம் குறைக்க இரண்டு லீவரையும் பிடித்தேன், பிடித்தது. விட்டேன், விடவில்லை. முன் சக்கரம் பிரேக்கோடு உரசிக்கொண்டே இருந்தது, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கான ரோட்டர் சூடேறிக் கருகிய வாடை வந்தது. எனக்குப் பின்னால் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. எப்படியோ ஓரம் கட்டி இறங்கிவிட்டேன், அடி எதுவும் படவில்லை. ஆனால் கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

பிரேக் வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், டிஸ்கை இரண்டு பக்கமும் பிடிக்கும் பாகமான கேலிப்பரை என் எதிரிலேயே பிரித்தார். பேடை டிஸ்கின் மேல் தள்ளும் பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர வெட்டு ரப்பர் வளையம் இருக்கிறது, பிரேக் பிடிக்கும்போது அது லேசாக முறுக்கிக்கொள்ளும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னால் இழுத்துக்கொள்ளும், பிரேக் விடுவதே அந்த வளையத்தால்தான் என்று காட்டினார். என் கேலிப்பரில் அது உப்பிப்போய் அதன் பள்ளத்தில் உட்காராமல் வெளியே பிதுங்கி நின்றது. நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்தது. லீவருக்குள் இருக்கும் சீலும் அதே கதிதான். அந்த மாடலுக்குச் சீலைத் தனியாக விற்பதில்லையாம், அதனால் இரண்டு கேலிப்பர், இரண்டு லீவர், ஹோஸ்கள், திரவம் கசிந்து ஊறிப்போன பேட்கள் என எல்லாமே மாற்ற வேண்டியதாயிற்று. ரோட்டரை மட்டும் துடைத்து வைத்துக்கொண்டோம். முன் ஃபோர்க்கில் அந்த டாட் ஒரு சொட்டு விழுந்த இடத்தில் பெயிண்ட் சுருங்கி உரிந்திருக்கிறது, அந்தப் படமும் இணைப்பில் இருக்கிறது.

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன். முதல் பதிலில், மூடி திறந்த திரவப் பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்றீர்கள். எண்ணெயைத் திரும்ப எடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. இரண்டாவது பதிலில், இந்த வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்தான் செய்திருக்க வேண்டும் என்றீர்கள். அப்படியென்றால் 'வீட்டிலேயே நீங்களே செய்யலாம்' என்று போட்டு ஏன் விற்கிறீர்கள்? மூன்றாவதில் அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன். அதைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மூன்று பேரும் மூன்று தடவை அதே படத்தை மறுபடி அனுப்பச் சொன்னார்கள், நானும் அனுப்பினேன். அந்த மூடியில் இருக்கும் எழுத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்களால் நன்றாகச் செய்ய முடியாது என்று நான் நினைக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு சுழலும் பேரிங் பாகம், மாற்றுவதற்கு உங்களிடம்தான் கேட்டேன். அப்போது பதில் எழுதியவர் எடுத்த எடுப்பில் எந்தப் பொருளையும் விற்கப் பார்க்கவில்லை. 'முதலில் ஃபிரேமின் ஷெல் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள், 68 மில்லிமீட்டரா 70ஆ' என்று கேட்டார். 70 வந்தால் அது இத்தாலியன் மரையாக இருக்கலாம், அதில் இரண்டு பக்கமும் வலது மரை, 68 வந்தால் பெரும்பாலும் செயின் பக்கம் இடது மரை, கழற்றும்போது வழக்கத்துக்கு எதிராகக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் இறுக்கி மரையைக் கெடுத்துவிடுவீர்கள் என்று விளக்கினார். அந்தப் பதிலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அவர் அந்தப் பொருளைக் கையில் பிடித்தவர் என்பது அவர் கேட்ட கேள்வியிலேயே தெரிந்தது. அவரை மாதிரி ஒருவரிடம் என் லீவர் படம் போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. நான்கு நிமிடத்தில் பதில் வேண்டும் என்று எனக்கு அவசரம் இல்லை. நான்கு நாள் ஆனாலும் பரவாயில்லை, தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும்.

நான் கேட்பது இதுதான். மாற்றிய பாகங்களுக்கும் வேலைக்கும் ஆன செலவு முழுவதையும் நீங்கள் தர வேண்டும், பில் வைத்திருக்கிறேன். எழுத்தில் கேட்டேன், எழுத்தில் பதில் சொன்னீர்கள், அந்தப் பதில் தவறு. கூப்பன் வேண்டாம்.

பணத்தை விட எனக்குப் பெரிதாகப் படும் விஷயம் இன்னொன்று உண்டு. நேற்று ராத்திரி உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன், அந்தப் பக்கம் ஒரு எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது. மூன்று மின்னஞ்சல் போன பிறகும் அப்படியே இருக்கிறது. இதற்குள் எத்தனை பேர் வாங்கினார்களோ, அதில் எத்தனை பேர் மினரல் ஆயில் பிரேக்கில் ஏற்றிவிட்டு ஒன்பதாவது நாளுக்குக் காத்திருக்கிறார்களோ. இந்த கிட்டை வாங்கியவர்கள் எல்லோருடைய மின்னஞ்சலும் உங்களிடம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் ஷிமானோ, 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரித்த சில கிராங்குகள் (பெடல் மாட்டும் கைகள்) ஒட்டு விட்டு உடையலாம் என்று தெரிந்து, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000 கிராங்குகளைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொன்னது. கிராங்கின் உள்பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துக் குறியீட்டைப் பார்த்து உங்களுடையது அதில் வருமா என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றும் அறிவித்தது. அத்தனை லட்சம் பேருக்குச் சொல்ல முடிந்திருக்கிறது. நீங்கள் அனுப்ப வேண்டியது ஒரே ஒரு மின்னஞ்சல்: 'இந்த கிட்டில் இருப்பது டாட் 5.1. உங்கள் லீவர் மூடியைப் பாருங்கள், மினரல் ஆயில் என்று இருந்தால் ஏற்றாதீர்கள், ஏற்கெனவே ஏற்றியிருந்தால் அந்த சைக்கிளை ஓட்டாதீர்கள்.' அதை இன்றே அனுப்புங்கள். எண்ணெய் எது என்பதைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடும் வரை விற்பனையை நிறுத்தி வையுங்கள்.

கழற்றிய கேலிப்பர்களையும் உப்பிய சீல்களையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டுமென்றால் முகவரி கொடுங்கள், அனுப்பி வைக்கிறேன். ஆனால் அதைப் பிரேக் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் ஆறு வருஷமாகப் பொருள் வாங்கிவரும் வாடிக்கையாளர்